பைத்தான் 2-லிருந்து 3-க்கு: அந்தக் கோபம் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களும், ஆபீஸில் பழைய ஸ்கிரிப்ட் தலையில் விழுந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. 2008-ல் வந்த ஒரு புதுப் பதிப்பை ஏற்க டெவலப்பர்கள் ஏன் பத்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் பெரும்பாலும் அடியில் இருக்கும் கேள்வி. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

பைத்தான் 2, பைத்தான் 3 ரெண்டும் வேற வேற மொழியா, இல்ல ஒரே மொழியோட புது வெர்ஷனா?

ஒரே மொழிதான். ஆனால் நேற்றுவரை ஓடிய நிரல் புதுப் பதிப்பிலும் ஓட வேண்டும் என்ற எழுதாத ஒப்பந்தத்தைப் பைத்தான் 3 தெரிந்தே மீறியது. மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசமும் மையக் குழுவும் ஆரம்பகாலத் தவறுகளை மொத்தமாக ஒரே முறையில் சரிசெய்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள்.

3.0 வெளியானது 2008 டிசம்பர் 3 அன்று. பழைய வரிசையும் அதோடு நிற்கவில்லை. 2010 ஜூலையில் 2.7 வந்தது, அதன் கடைசித் திருத்தமான 2.7.18 வெளியானது 2020 ஏப்ரலில். இடைப்பட்ட காலம் முழுக்க இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன.

பழைய புத்தகத்துல இருக்கற பிரின்ட் வரியை அப்படியே அடிச்சா எரர் வருது. இந்த அடைப்புக்குறிக்காகவா அவ்வளவு சண்டை?

பைத்தான் 2-ல் பிரின்ட் ஒரு கட்டளை, அடைப்புக்குறி தேவையில்லை. 3-ல் அது ஒரு ஃபங்ஷன், அடைப்புக்குறி கட்டாயம். கண்ணுக்கு முதலில் தெரிவது இதுதான் என்பதால் எல்லோரும் இதைப் பற்றியே பேசினார்கள், கிண்டலும் இதைச் சுற்றியே ஓடியது.

ஆனால் மாற்றுவதற்கு மிகச் சுலபமானதும் இதுதான். ஒரு கருவியை ஓட்டினால் ஆயிரம் பிரின்ட் வரிகளும் நொடியில் மாறிவிடும். எக்ஸ்ரேஞ்ச் போய் ரேஞ்ச் மட்டும் மிஞ்சியது, ரா-இன்புட் வெறும் இன்புட் ஆனது போன்றவையும் இந்த ரகம்தான். எரிச்சலூட்டும், ஆனால் யாரும் இதற்காகப் பத்து வருடம் தள்ளிப்போட மாட்டார்கள்.

அப்போ உண்மையான தலைவலி எது?

ஸ்ட்ரிங். பைத்தான் 2-ல் மேற்கோள் குறிக்குள் எழுதும் சாதாரண ஸ்ட்ரிங், அதாவது உரைத் துண்டு, வெறும் பைட்டுகளின் (கணினி சேமிக்கும் எண்களின்) வரிசை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் குறியீடு தரும் யூனிகோட் முறை உரைக்குத் தனி வகை இருந்தது, முன்னால் ஒரு 'யு' போட்டு எழுத வேண்டும். இந்த இரண்டையும் கலந்தால் பைத்தான் சத்தமில்லாமல் ஆஸ்கி (ஆங்கில எழுத்துக்கான பழைய குறியீடு) என்று எடுத்துக்கொண்டு மாற்றிக்கொள்ளும். ஆங்கில எழுத்து மட்டும் இருக்கும்வரை எல்லாம் சரியாக ஓடும். ஆஸ்கிக்கு வெளியே உள்ள ஒரு பெயர் உள்ளே வந்த நாளில் யூனிகோட் டிகோட் எரர் என்று விழும். அதாவது சோதனையில் பிழைக்கும், வாடிக்கையாளர் கையில் சாகும்.

பைத்தான் 3 இந்தக் கலப்பைத் தடைசெய்தது. உரை என்றால் யூனிகோட், பைட் என்றால் பைட், இரண்டையும் கூட்டினால் உடனே டைப் எரர். கொள்கையாகப் பார்த்தால் மிகச் சரி. ஆனால் பழைய நிரலில் எந்த மாறி உரை, எது பைட் என்று யாருமே எழுதி வைத்திருக்கவில்லை. நெட்வொர்க்கிலிருந்து வருவது எது, ஃபைலிலிருந்து வருவது எது என்று ஒவ்வொரு இடமாக மனிதன்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்தக் கருவியாலும் அதை ஊகிக்க முடியாது. வேலையில் பெரும்பங்கு இங்கேதான் போனது.

தமிழ்ல வேலை செய்யறவங்களுக்கு இதுல ஏதாவது லாபம் இருந்துதா?

நிறையவே. இந்த மாற்றத்தைத் திட்டியவர்களில் பலர் ஆங்கிலம் மட்டும் கையாண்டவர்கள். அவர்களுக்குப் பழைய முறை பெரும்பாலும் வலிக்கவில்லை. நமக்கு முதல் நாளே வலித்தது. யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் ஒரு முறை) ஃபைலில் 'தமிழ்' என்று சாதாரண ஸ்ட்ரிங்காக எழுதி நீளம் கேட்டால் பைத்தான் 2 சொன்ன விடை 15. ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், ஐந்து குறியீடு. ஃபைலின் தலையில் என்கோடிங் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) என்ன என்று ஒரு வரி எழுதாவிட்டால் அந்த நிரல் ஓடவே ஓடாது. இதைத் தாண்ட, சிஸ்டத்தின் இயல்பு என்கோடிங்கையே வலுக்கட்டாயமாக மாற்றும் ஒரு குறுக்குவழி அப்போது கைக்குக் கை பரவியது. அது வேறு லைப்ரரிகளை (மற்றவர்கள் எழுதித் தந்த நிரல் தொகுப்புகளை) எங்கெங்கோ உடைத்தது.

பைத்தான் 3-ல் அதே சொல்லின் நீளம் 5. நிரல் ஃபைல் இயல்பாகவே யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளப்படும். மாறிக்கு 'விலை' என்றோ 'மதிப்பெண்' என்றோ தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

ஆனால் 5-ம் தமிழனின் கணக்கு இல்லை. த, மி, ழ் என்று எழுத்து மூன்றுதான். யூனிகோட் குறியீட்டில் மி-யும் ழ்-ம் இரண்டிரண்டாக உடைகின்றன. ஸ்ட்ரிங்கைத் தலைகீழாக்கினால் புள்ளி இடம் மாறி அசிங்கமாக வரும். எழுத்துக் கணக்கு வேண்டுமென்றால் ஓப்பன்-தமிழ் போன்ற லைப்ரரியைத்தான் நாட வேண்டும். இன்னொன்று: விண்டோஸில் தமிழ் உள்ள ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று நீங்களே கொடுத்துவிடுங்கள். நிரல் ஃபைலுக்கு உள்ள இயல்பு, நிரல் திறக்கும் ஃபைலுக்கு அங்கே கிடையாது.

மாற மறுத்தவங்க சோம்பேறிகள்தானே? இவ்வளவு நல்ல மாற்றத்தை ஏன் எதிர்க்கணும்?

இப்படிச் சொல்கிறவர்கள் 3.0-ஐத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அது வந்தபோது ஃபைல் படிப்பது, எழுதுவது எல்லாம் மோசமான வேகத்தில் நடந்தது. காரணம், புதிய உள்ளீட்டு-வெளியீட்டுப் பகுதியைப் பைத்தானிலேயே எழுதியிருந்தார்கள். 2009 ஜூனில் வந்த 3.1-ல்தான் அதை சி மொழியில் திரும்ப எழுதினார்கள். பைட்டுகளுக்குள் சதவீதக் குறி போட்டு மதிப்பைச் செருகும் வசதியைப் பிடுங்கிவிட்டார்கள். நெட்வொர்க் நிரல் எழுதுபவர்கள் தினமும் பயன்படுத்தியது அது. வலை நிரல்களுக்கான பொது இடைமுகம் பைத்தான் 3-ல் எப்படி இருக்க வேண்டும் என்பதே 2010-ல்தான் முடிவானது. அதற்கு முன் ஒரு வலைத்தள டெவலப்பர் மாற நினைத்தாலும் எதன்மேல் கட்டுவார்?

லைப்ரரிச் சங்கிலி இதைவிடப் பெரிய தடை. உங்கள் நிரல் இருபது லைப்ரரியை நம்பியிருந்தால், இருபதும் மாறிய பிறகுதான் நீங்கள் மாற முடியும். லைப்ரரி எழுதியவரோ, பயனர் யாரும் 3-ல் இல்லையே, நான் எதற்கு மெனக்கெட வேண்டும் என்றார். எண் கணக்குக்கான நம்பை 2010-லேயே 3-க்கு ஆதரவு தந்தது. வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ முதன்முதலாகச் சோதனை அளவில் ஆதரவு தந்ததே 2013-ல், 1.5 பதிப்பில். எந்தெந்தப் பிரபல லைப்ரரி இன்னும் மாறவில்லை என்று பச்சையும் சிவப்புமாகக் காட்ட 'அவமானச் சுவர்' என்று ஒரு பக்கமே இருந்தது. பச்சை கூடிய பிறகு அதன் பெயரைப் பெருமையாக மாற்றினார்கள்.

அப்புறம், இவ்வளவு பாடுபட்டு மாறினால் என்ன கிடைக்கும்? ஆரம்ப வருடங்களில் நேர்மையான பதில்: பெரிதாக ஒன்றும் இல்லை. 3-க்கென்று செய்த நல்ல விஷயங்களில் பலவற்றை 2.6-க்கும் 2.7-க்கும் கொடுத்துவிட்டார்கள். மேலாளரிடம் போய் ஆறு மாதம் கேட்டால், எதற்கு என்பார். சொல்ல விடை இல்லை.

டூ-டு-த்ரீ னு ஒரு கருவி இருந்துச்சே. அதை ஓட்டியிருந்தா முடிஞ்சிருக்காதா?

அதுதான் அதிகாரப்பூர்வமான திட்டம். மூல நிரலை 2-லேயே வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கருவியை ஓட்டி 3-க்கான நிரலை உருவாக்குங்கள் என்றார்கள். காகிதத்தில் அழகாக இருந்தது. நடைமுறையில் ஒருவர் பிழையைக் காண்பது உருவாக்கப்பட்ட நிரலில், திருத்த வேண்டியது மூலத்தில். எழுத்து மாற்றங்களைக் கருவி நன்றாகவே செய்தது; முன்னால் சொன்ன உரை-பைட் சிக்கலில் அதனால் எதுவும் செய்ய முடியவில்லை.

நிலைமையைக் காப்பாற்றியது டெவலப்பர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த வேறு வழி: ஒரே நிரல், 2-லும் ஓடும், 3-லும் ஓடும்படி எழுதுவது. அதற்கு உதவியது சிக்ஸ் என்ற சிறிய லைப்ரரி. இரண்டும் மூன்றும் பெருக்கினால் ஆறு, அதனால் அந்தப் பெயர். மையக் குழு ஆரம்பத்தில் இந்த வழியைப் பரிந்துரைக்கவில்லை. என் கணிப்பில் மொத்த மாற்றத்தின் திருப்பமே இதுதான். ஒரே நாளில் தாண்ட வேண்டிய மதில் என்பது போய், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யக்கூடிய வேலையானது. இன்று அந்தப் பழைய கருவி 3.13-ல் நீக்கவும்பட்டுவிட்டது.

மையக் குழு கடைசி வரைக்கும் பிடிவாதமாவே இருந்துதா?

இல்லை, ஆனால் மெதுவாக இறங்கி வந்தது. 3.0-ல் எடுத்துவிட்ட 'காலபிள்' என்ற ஃபங்ஷன் 3.2-ல் திரும்ப வந்தது. யூனிகோட் ஸ்ட்ரிங்குக்கு முன்னால் போடும் 'யு' 3-ல் பிழையாக இருந்தது. அர்த்தமே இல்லாவிட்டாலும் அதை அனுமதியுங்கள், ஒரே நிரலை இரண்டிலும் ஓட்ட அது வேண்டும் என்று வாதாடி, 2012-ல் வந்த 3.3-ல் திரும்பப் பெற்றார்கள். பைட்டுகளுக்கான சதவீதக் குறி 2015-ல் 3.5-ல் வந்தது. ஏழு வருடம்! ஒற்றை எழுத்து யு-வுக்கே நான்கு வருடம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அசையவில்லை: 2.8 வராது. அதை அறிவிக்கவே தனியாக ஓர் ஆவணம் எழுதினார்கள். அது கொஞ்சம் நக்கலான ஆவணம், ஆனால் தேவைப்பட்டது.

2015-ல முடியும்னு சொல்லிட்டு 2020 வரைக்கும் ஏன் இழுத்தாங்க?

2.7-க்கான ஆதரவு 2015-ல் முடியும் என்பதுதான் முதலில் சொன்னது. 2014-ல் பார்த்தபோது பெரிய நிறுவனங்கள் நகரவே ஆரம்பிக்கவில்லை. லினக்ஸ் விநியோகங்களும் 2.7-ஐச் சுமந்துகொண்டிருந்தன. கெடுவை அப்படியே விட்டிருந்தால் மைய ஆதரவில்லாத மொழியில் பாதி உலகம் ஓடியிருக்கும். அதனால் ஐந்து வருடம் கூட்டினார்கள்.

இதையும் திட்டினார்கள், இரண்டு பக்கமும். ஒரு தரப்பு, கெடு நீட்டினால் எவனும் மாற மாட்டான் என்றது. இன்னொரு தரப்பு, பார்த்தீர்களா, அவர்களே தோல்வியை ஒப்புக்கொள்கிறார்கள் என்றது. நீட்டியது சரி என்பது என் எண்ணம்; ஆனால் இரண்டாவது தடவை நீட்டமாட்டோம் என்று சொல்லி, அதைக் காப்பாற்றியதுதான் முக்கியம்.

எப்போ காத்து திரும்புச்சு?

2015-க்கும் 2017-க்கும் நடுவில். மேலே சொன்ன 'என்ன கிடைக்கும்' என்ற கேள்விக்கு அப்போதுதான் விடை வந்தது. 3.5-ல் ஏசிங்க்-அவெய்ட் (ஒன்றுக்காகக் காத்திருக்கும்போது வேறு வேலையைப் பார்க்கும் வசதி), மதிப்பின் வகையைச் சொல்லும் டைப் குறிப்புகள், அணிப் பெருக்கலுக்குத் தனிக் குறி. 2016 டிசம்பரில் வந்த 3.6-ல் எஃப்-ஸ்ட்ரிங். ஸ்ட்ரிங்குக்குள்ளேயே மாறியை எழுதும் அந்தச் சின்ன வசதிக்காக மாறியவர்கள், யூனிகோட் கொள்கைக்காக மாறியவர்களைவிட அதிகம் என்று நினைக்கிறேன்.

2017-ல் இன்ஸ்டாகிராம் தன் மொத்தச் சேவையையும் 3-க்கு மாற்றிவிட்டதாகப் பைத்தான்காரர்களின் பைகான் மாநாட்டு மேடையிலேயே சொன்னது. தனிக் கிளையில் வைத்துச் செய்யாமல், எல்லோரும் தினமும் வேலை செய்யும் அதே நிரலிலேயே மாற்றினார்கள் என்பதுதான் கேட்டவர்களை அசத்தியது. அதே வருடம் டிசம்பரில் ஜாங்கோ 2.0 பைத்தான் 2-ஐக் கைவிட்டது. நம்பை 2019-ல் 1.17 பதிப்பில் கைவிட்டது. சங்கிலி இப்போது எதிர்ப்பக்கமாக இழுக்க ஆரம்பித்துவிட்டது.

கடைசி வரைக்கும் மாறாதவங்க என்ன ஆனாங்க?

2.7-ஐக் கிளை பிரித்து 3-ன் வசதிகளைச் சேர்த்து '2.8' என்று பெயரிட்ட முயற்சி ஒன்று இருந்தது. அந்தப் பெயர் கூடாது என்று கைடோ கேட்டுக்கொள்ள, டாத்தான் என்று மாறியது. பெரிதாக வளரவில்லை. மின்நூல் மேலாண்மைக்கான காலிபரை எழுதியவர், தேவைப்பட்டால் பைத்தான் 2-ஐ நானே பராமரித்துக்கொள்வேன் என்ற நிலையில் ஒரு காலத்தில் இருந்தார். 2020 செப்டம்பரில் வந்த காலிபர் 5 பைத்தான் 3-ல் ஓடியது. பைத்தான் நிரலை ஓட்டும் இன்னொரு மென்பொருளான பைபை இன்றும் 2.7-ஐ ஆதரிக்கிறது. அதன் உள்ளேயே 2.7-ன் ஒரு பகுதி மொழியில் எழுதியிருப்பதால் அதற்கு வேறு வழியும் இல்லை.

என் பரிதாபம் மெர்குரியலுக்குத்தான். அது கிட் போன்ற ஒரு பதிப்பு மேலாண்மைக் கருவி, அதாவது நிரலில் செய்யும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைப்பது. ஃபைல் பெயர், ஃபைல் உள்ளடக்கம், கமிட் விவரம் எல்லாவற்றையும் பைட்டாகவே வைத்திருக்க வேண்டியது அதன் தொழில். லினக்ஸில் ஃபைல் பெயர் சரியான யூனிகோடாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எல்லாம் உரைதான் என்று மொழி நினைத்தால் அங்கே உடையும். பைத்தான் 3-க்கான ஆதரவு அதற்குக் கிடைத்தது 2019 கடைசியில், 5.2 பதிப்பில். சோம்பேறிகள் என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இது.

கைடோ பதவி விலகினது இந்தச் சண்டையாலதானே?

இல்லை. அவர் 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியது, ஒரு கணக்கீட்டுக் கோவைக்குள்ளேயே (எக்ஸ்பிரஷன்) மாறிக்கு மதிப்பைக் கொடுக்கும் ஒரு புதுக் குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய விவாதத்துக்குப் பிறகு. அது 3.8-க்கான விஷயம். பைத்தான் 2-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வேற மொழிகள்ல இந்த மாதிரி நடக்கலையா?

நடந்தது, பைத்தானைவிட மோசமாகவும் நடந்தது. பிஎச்பி 6 இதே யூனிகோட் ஆசையில் ஆரம்பித்து 2010-ல் கைவிடப்பட்டது. அடுத்து வந்த பெரிய பதிப்புக்கு 7 என்று பெயர் வைத்து 6-ஐத் தாண்டிப் போனார்கள். பெர்ல் 6-ஐ 2000-ல் அறிவித்து 2015-ல் முடித்தார்கள், 2019-ல் ராக்கு என்று பெயரும் மாறி அது தனி மொழியாகிவிட்டது. ஸ்விஃப்ட் 3 2016-ல் பழைய நிரலை ஏகத்துக்கும் உடைத்தது. ஆனால் மொழிக்கு இரண்டு வயதுதான், அதில் நிரல் எழுதும் கருவியான எக்ஸ்கோடும் ஆப்பிள் கையில். டெவலப்பர்கள் முணுமுணுத்துக்கொண்டே மாறினார்கள். பைத்தானுக்கு அப்படி உத்தரவு போட யாரும் இல்லை.

ஆபீஸ்ல இன்னும் ஒரு பைத்தான் 2 ஸ்கிரிப்ட் ஓடுது. நல்லாத்தானே ஓடுது, விட்டுடலாமா?

வெளி உலகத்தோடு தொடர்பில்லாத கணினியில் ஒரு மூலையில் ஓடினால் அவசரம் இல்லை. இணையத்திலிருந்து எதையாவது வாங்குகிறது என்றால் மாற்றுங்கள். 2020-க்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்புக் குறைகளைப் பைத்தான் குழு அதில் திருத்துவதில்லை.

மாற்றும்போது எரர் தந்து விழும் இடங்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவை தாமாகவே காட்டிக்கொடுக்கும். சத்தமில்லாமல் விடையை மாற்றுகிறவைதான் ஆபத்து. 5 / 2 என்றால் முன்பு 2, இப்போது 2.5, பழைய விடை வேண்டுமென்றால் இரட்டைச் சாய்கோடு. 2.5-ஐ ரவுண்ட் செய்தால் பைத்தான் 2-ல் மேல்நோக்கி 3 வந்தது, பைத்தான் 3-ல் பக்கத்து இரட்டைப்படை எண்ணான 2 வரும். பில் கணக்கு, வட்டிக் கணக்கு செய்கிற ஸ்கிரிப்ட் என்றால் இதை முதலில் தேடுங்கள். மேப், ஃபில்டர் என்ற ஃபங்ஷன்கள் இரண்டும் இப்போது பட்டியல் தருவதில்லை. ஒரு முறை படித்தால் தீர்ந்துவிடும், இரண்டாம் முறை காலியாக வரும், எரரும் வராது. பைட்டையும் உரையையும் சமமா என்று ஒப்பிட்டால் எப்போதும் இல்லை என்றே வரும், அதுவும் அமைதியாக. சிஎஸ்வி ஃபைலை முன்பு பைனரியாகத் திறந்திருப்பீர்கள்; இப்போது உரையாகத் திறந்து, நியூலைன் என்ற அமைப்புக்கு வெற்று மதிப்பு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விண்டோஸில் வரிக்கு வரி ஒரு காலி வரி விழும்.

முடிந்தால் நிரலைத் தொடுவதற்கு முன்பு, பழைய ஸ்கிரிப்டின் ஒரு மாத வெளியீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு அதோடு ஒப்பிட்டால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை அகப்பட்டுவிடும்.

டெர்மினல்ல பைத்தான்னு அடிச்சா அப்படி ஒரு கட்டளையே இல்லங்குது. ஆனா நிறுவித்தான் இருக்கேன்!

இதுவும் அந்தக் காலத்து எச்சம். பைத்தான் என்ற வெறும் பெயர் 2-ஐக் குறிக்கும் என்று ஆயிரக்கணக்கான ஸ்கிரிப்ட்கள் நம்பியிருந்தன. ஆர்ச் லினக்ஸ் 2010-லேயே துணிந்து அதை 3-க்கு மாற்றிக்கொண்டது, திட்டும் வாங்கியது. உபுண்டு 20.04-ல் வெறும் பெயர் எதையும் குறிக்காமல் விட்டார்கள். ஆப்பிள் 2022-ல் மேக்ஓஎஸ் 12.3-ல் 2.7-ஐ எடுத்துவிட்டது. பெயருக்குப் பின்னால் 3 சேர்த்து அடியுங்கள், வேலை செய்யும்.

நாளைக்குப் பைத்தான் 4 வந்தா மறுபடியும் இதே கூத்துதானா?

அப்படி ஒரு திட்டம் இல்லை. 3.9-க்கு அடுத்து 3.10 என்றுதான் போனார்கள். உடைப்பது அடியோடு நிற்கவில்லை, 3.12-ல் லைப்ரரிகளை நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டபோதும் பலரது நிறுவல் ஸ்கிரிப்ட்கள் விழுந்தன. ஆனால் ஒவ்வொன்றாக, வருடக்கணக்கில் எச்சரித்துவிட்டு நீக்குகிறார்கள்.

உண்மையான சோதனை ஜிஐஎல் விஷயத்தில் வந்தது. பைத்தானில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடக்கூடிய வேலைகளில் ஒன்று) மட்டும் ஓடும்படி பிடித்துவைக்கும் பூட்டு அது. அதை நீக்கும் திட்டத்தை 2023-ல் ஏற்றபோது, வழிகாட்டுக் குழு பைத்தான் 3 நிலைமை இன்னொரு முறை வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னது. அதனால் 2024 அக்டோபரில் வந்த 3.13-ல் பூட்டில்லாத பைத்தான் தனியாக நிறுவும் ஒரு சோதனை வடிவமாகத்தான் வந்தது. அதில் நீங்கள் இம்போர்ட் செய்யும் சி லைப்ரரி இன்னும் தயாராகவில்லை என்றால் நிரல் விழாது. பூட்டு தானாகத் திரும்பப் போடப்படும், ஓர் எச்சரிக்கை வரி மட்டும் வரும்.